உஸ்திங் பாடிக் கேட்ட பெண்

எங்கள் கழிமுகத்தில் யாராவது பெண் கேட்கப் போவதென்றால், விருந்துக்குப் பன்றியைப் பிடிப்பதற்கு முன்னால் என்னைப் பிடிப்பார்கள். பமலாயே என்று நாங்கள் சொல்லும் அந்தச் சடங்கில் மாப்பிள்ளை வீட்டார் தங்கள் வாயால் கேட்பது மரியாதை இல்லை. அவர்களுக்காகப் பேச ஓர் ஆள் போக வேண்டும். பேச்சும் பாட்டுமாகப் பெண்ணைப் புகழ்ந்து, பையனைப் புகழ்ந்து, நடுநடுவே நாலு சிரிப்பும் காட்டி, பெண்ணின் அப்பாவை மடக்கிக் கொண்டுவர வேண்டும். அந்த வேலையில் இந்த இங்கோவை அடித்துக்கொள்ள மணிலாவுக்குத் தெற்கே கடல் தாண்டியிருக்கும் இந்தக் காபிஸ் கரையில் ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்கிறேனே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். வேறு யார் சொல்வார்கள்?

அப்படிப்பட்ட என்னை ஒரு வார்த்தை பேசவிடாமல் செய்தவன் உஸ்திங். அதுவும் வாயைத் திறந்தால் மூட முடியாத, மூடினால் திறக்க முடியாத உஸ்திங். அவனைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

உஸ்திங் பரிகோன் சிப்பிக்காரன். ஆற்று வாயில் மூங்கில்களை வரிசையாக நட்டு, அதில் ஒட்டி வளரும் சிப்பிகளைக் கழற்றி விற்கிற தொழில். மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு கையால் மூங்கிலைப் பிடுங்கி எடுப்பான். நல்ல குரலும் இருந்தது. பெரிய வெள்ளி வாரத்தில் சிற்றாலயத்தில் இயேசுவின் பாடுகளை இரவு பகலாகப் பாடுவோமே, அதில் அவன் முறை வரும்போது சமையல் பக்கம் போன பெண்கள்கூட கரண்டியோடு வந்து நிற்பார்கள்.

நாற்பதை எட்டுவதற்குள் அவன் வலது கால் உள்பக்கமாகத் திரும்ப ஆரம்பித்தது. நடக்க நடக்கப் பாதம் மடங்கிக்கொள்ளும். "காலங்காத்தாலேயே கள்ளா அண்ணே?" என்று சந்தையில் கேட்டார்கள். பிறகு கழுத்து வலப்பக்கம் முறுக்கிக்கொண்டது. அப்புறம் யாரும் கள்ளைப் பற்றிக் கேட்கவில்லை. எங்கள் தீவில் அதைப் பார்த்தால் சின்னக் குழந்தைக்கும் பெயர் தெரியும். லுபாக். முறுக்கு என்று அர்த்தம். அவன் அம்மாவின் அண்ணனும் அப்படித்தான் முறுக்கி முறுக்கி, கடைசியில் சோறு விழுங்க முடியாமல் போய்ச் சேர்ந்தார்.

வேறொருவனாக இருந்தால் படுத்திருப்பான். இவன் படுக்கவில்லை. ஒரு நாள் சிப்பிக் கூடையை மீன்குட்டை வரப்பில் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனபோது, பாதம் மடங்கவே இல்லை என்பதைக் கவனித்துவிட்டான். கூடையை விட்டுவிட்டுப் பின்னால் நடந்து பார்த்தான். சுகமாகப் போனது. முன்னால் திரும்பி ஓர் அடி வைத்தான். கால் சுருண்டது. அன்றிலிருந்து அவன் ஊருக்குள் பின்பக்கமாகத்தான் நடந்தான்.

"முன்னாடி போகத்தானே தகராறு பண்ணுது? நான் பின்னாடி போறேன். என்ன பண்ணுதுன்னு பார்ப்போம்" என்பான்.

"உஸ்திங் அண்ணே, வர்றீங்களா போறீங்களா?" என்று மீன் ஆயும் பெண்கள் கேலி செய்வார்கள்.

"உன் வீட்டுக்காரன் இருக்கானா சொல்லு, அதுக்கப்புறம் முடிவு பண்றேன்" என்பான். அவன் மனைவி பெலென் தலையில் அடித்துக்கொள்வாள்.

கழுத்துக்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். கன்னத்தில் ஒரு விரலை லேசாக வைத்தால் போதும், தலை நேராகிவிடும். அழுத்தக்கூட வேண்டாம், தொட்டால் போதும். ஆனால் தாடை போனபோது நாங்கள் எல்லோரும் இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். பேச வாயெடுத்தால் தாடை கழன்றதுபோல் தொங்கிவிடும், நாக்கு வெளியே தள்ளும். சத்தம் வரும், சொல் வராது. பேச்சே உயிரென்று இருக்கும் நான் அதைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்த வருடம் பெரிய வெள்ளியன்று அவனைச் சிற்றாலயத்துக்குத் தூக்காத குறையாகக் கூட்டிப் போனோம். சும்மா கேட்கட்டும் என்றுதான். அவன் வழக்கமாகப் பாடும் இடம் வந்தது. கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்துவிட்டான். ஒரு சொல் பிசகவில்லை. பெலென் விம்மி விம்மி அழுதாள், நானும்தான் அழுதேன்.

அதற்குப் பிறகு உஸ்திங்குக்கு எல்லாமே பாட்டுத்தான். தண்ணீர் கேட்டாலும் அந்தச் சிலுவைப் பாட்டு மெட்டில்தான் கேட்பான். அரிசியைக் கொத்தும் கோழியையும் அதே மெட்டில்தான் விரட்டுவான். அந்த மெட்டில் திட்டு வாங்கினால் சிரிப்பதா மண்டியிடுவதா என்று ஒருவருக்கும் தெரியாது.

ரோஹாஸ் நகரத்தில் இந்த நோயைப் பார்ப்பதற்கென்றே ஒரு டாக்டரம்மா உட்கார்ந்திருக்கிறார். உஸ்திங்கின் மகள் அர்லின்தான் அப்பாவை அவரிடம் கூட்டிப் போய் வருவாள். நானும் ஒரு முறை துணைக்குப் போனேன். டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கையை மடக்க வேண்டுமானால் ஒரு தசை இழுக்க வேண்டும், எதிர்ப்பக்கத் தசை விட்டுக்கொடுக்க வேண்டும். "நீ இழு, நீ விடு" என்று சொல்வதற்கு மூளையின் அடியில் ஒரு பகுதி மேஸ்திரி மாதிரி இருக்கிறது. இந்த நோயில் அந்த இடத்து அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வருகின்றன. விடு என்று சொல்ல ஆளில்லை. எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் இழுக்கின்றன. அதுதான் முறுக்கு.

"அப்ப பாட்டு மட்டும் எப்படிம்மா வருது?" என்று கேட்டேன்.

"பேச்சுக்கு ஒரு பாதை, பாட்டுக்குக் கொஞ்சம் வேற பாதை. முன்னாடி நடக்கிறதும் பின்னாடி நடக்கிறதும்கூட அப்படித்தான். இந்த மாதிரி வழியெல்லாம் கொஞ்ச காலத்துக்குத்தான் உதவும், ஐயா. அப்புறம் அதுவும் அடைஞ்சிடலாம்."

உஸ்திங் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். வெளியே வந்ததும் பாடினான்: "அடையறதுக்குள்ள ஒரு வேலை இருக்கு, இங்கோ."

அந்த வேலை என்ன என்று எனக்குத் தெரியும். அவன் மகன் ஜோமெல் மீன்குட்டையில் வேலை பார்க்கிறான். ஆற்றுக்கு அக்கரையில் பிட்யோங்கின் மகள் மயேத்துக்கும் அவனுக்கும் இரண்டு வருடமாகப் பழக்கம். பையன் மேல் பிட்யோங்குக்கு ஒரு குறையும் இல்லை. குறை, உஸ்திங் முறுக்கிக்கொண்டதிலிருந்து பரிகோன் என்கிற பெயர் மேல்தான்.

லுபாக் பெயரோடு போகும் நோய் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அப்பன் பெயரை மகன் வாங்கிக்கொள்கிறான், பெயரோடு சேர்த்து முறுக்கையும் வாங்கிக்கொள்கிறான். பெண்ணுக்கு அந்தக் கவலை இல்லை. அவளுக்கு நோய் வந்து யாரும் பார்த்ததில்லை. கல்யாணமானால் புருஷன் பெயர் வந்துவிடுகிறது, பழைய பெயர் கழுவிப் போய்விடுகிறது. அதனால் முறுக்கு விழுந்த வீட்டில் பெண் எடுப்பார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள். சுத்தமான பெயருள்ள வீட்டில் ஒரு பையன் முறுக்கிக்கொண்டால், அவன் சாமிமரத்தை வெட்டியிருப்பான், புற்றை மிதித்திருப்பான் என்று ஏதாவது காரணம் கிடைக்கும். அந்த அம்மாவின் பிறந்த வீடு எது என்று ஒருவரும் கேட்டதில்லை.

பெண்ணைத் தரமாட்டேன் என்று பிட்யோங் நேரடியாகவே சொல்லி அனுப்பிவிட்டார். ஜோமெல் மணிலாவுக்கே போய்விடுகிறேன் என்று பெட்டி கட்டினான். அப்போதுதான் உஸ்திங் பின்னால் நடந்து என் வீட்டுக்கு வந்தான். கூடவே அர்லின்.

"என் மகனுக்கு இது வராது, டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நான் போய்ச் சொல்லி, பெண் கேட்கணும்" என்று பாடினான்.

"அதை நான் சொல்றேன். நீ பாடிட்டுப் போய் நின்னா அந்த வீட்டுல பாதிப் பேர் சிலுவை போட்டுக்குவாங்க."

"நீ பெண்ணைக் கேளு. இதை நான் சொல்றேன்."

"மாமா, அப்பா சொன்னாத்தான் நம்புவாங்க" என்றாள் அர்லின். வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். ரொம்ப வாயாடிப் பெண் அவள், என்னிடமே பயிற்சி எடுத்தவள் போலப் பேசுவாள். அன்று அவள் பேசாமல் நின்றது எனக்கு வித்தியாசமாகத்தான் இருந்தது. ஆனால் என் மனசெல்லாம் நான் பாடப்போகும் பாட்டில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, படகில் அக்கரைக்குப் போனோம். நான், என் மனைவி தாசிங், உஸ்திங், பெலென், ஜோமெல், அர்லின். பனையோலையில் அவித்த ஒட்டரிசிச் சோறு ஒரு பானை, சிப்பி ஒரு கூடை, தென்னங்கள் ஒரு குடம். பிட்யோங் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். பிட்யோங்கின் மனைவி சோலிங் வெற்றிலைத் தட்டை நீட்டினாள். அவர்கள் மகன் நோனோய் ஒரு மூலையில் நின்று அர்லினைப் பார்த்துக்கொண்டிருந்தான். திருவிழாவில் அவளோடு ஆட வரிசையில் முதலில் நிற்பவன் அவன்தான். அவளும் வேண்டுமென்றே சுற்றிச் சுற்றி அவனைத்தான் கடைசியில் தேர்ந்தெடுப்பாள்.

நான் ஆரம்பித்தேன். நன்றாகவே ஆரம்பித்தேன். உங்கள் தோட்டத்தில் ஒரு பூ இருக்கிறதாம், எங்கள் வீட்டில் ஒரு குடம் தண்ணீர் இருக்கிறது, ஊற்ற இடம் தேடி வந்தோம் என்று பாடினேன். பிட்யோங்கே சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, தொடையைத் தட்டினார்.

"இங்கோ, நீ பாடினா பாறையும் பொண்ணு குடுத்துடும். ஆனா நான் பாறை இல்ல, பொண்ணுக்கு அப்பன். பையன் தங்கம். ஆனா பரிகோன். இன்னும் பத்து வருஷத்துல எம்பொண்ணு ஒரு முறுக்குன ஆளுக்குச் சோறு ஊட்டிக்கிட்டு உக்காந்திருக்கிறதை நான் பார்க்கணுமா? உஸ்திங் அண்ணே, மன்னிச்சுக்குங்க. முகத்துக்கு நேரா சொல்றேன்."

சோலிங் கணவன் முழங்கையைத் தொட்டாள். பிட்யோங் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உங்களை வெறுங்கையோட அனுப்பவும் எனக்கு மனசில்ல. உறவு வேணும்தான். நம்ம நோனோய்க்கு அர்லினைக் குடுங்க. ஒரே வருஷத்துல ஒரு வீட்டுல ரெண்டு கல்யாணம் ஆகாது, அதனால அதை விட்டுட்டு இதை வச்சுக்குவோம். பொண்ணுங்களுக்கு இந்தச் சனியன் கிடையாதே."

கூடமே மூச்சு விட்டது. பெலென் முகம் மலர்ந்தது, பாவம். நோனோய் காது சிவந்து சுவரைப் பார்த்தான். போனது ஒன்று, வந்தது ஒன்று, கணக்கு நேர் என்று எனக்குத் தோன்றியது. "ஆஹா!" என்று அடுத்த பாட்டுக்கு வாயைத் திறந்தேன்.

உஸ்திங் உள்ளங்கையால் தரையை ஓங்கி அடித்தான்.

கன்னத்தில் விரலை வைத்தான். தலை மெதுவாக நேரானது. பாடினான்:

"கால் எனக்கு அடங்கல, கழுத்தும் எனக்கு அடங்கல,
நான் சொல்லும் சொல் மட்டும் இன்னும் அடங்குது, கேளுங்க.
மூக்கை நான் குடுத்தேன் மகனுக்கு, முரட்டுத்தனம் குடுத்தேன்,
இந்த முறுக்கை மட்டும் குடுக்கல. குடுக்க என்னால ஆகாது."

சிலுவைப் பாட்டு மெட்டு. சோலிங்கின் கை தானாக நெற்றிக்குப் போனது. உஸ்திங் விடாமல் பாடினான். இந்த நோய் அவனுக்கு அவன் அம்மாவிடமிருந்து வந்ததாம். பெயரோடு வரவில்லையாம். பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கும் இழைகளில் ஓர் இழையில் இந்தப் பழுது இருக்கிறதாம். ஆண்பிள்ளை அந்த இழையை அம்மாவிடமிருந்து மட்டுமே வாங்குகிறான். அப்பன் அவனுக்குக் கொடுப்பது வேறு இழை. பெலென் வீட்டில் இந்த நோய் யாருக்கும் இல்லை. அதனால் ஜோமெல் சுத்தம். வேர்வை சொட்டச் சொட்டப் பாடினான். இரண்டு இடத்தில் தாடை இழுத்தது. நிறுத்தி, எச்சிலைத் துடைத்து, அந்த வரியையே மறுபடி முதலிலிருந்து பாடினான். டாக்டரம்மாவிடம் யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம் என்று முடித்தான்.

பிட்யோங் மடையர் இல்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார்.

"சரி. மகனுக்குப் போகலைன்னா, அது எங்க போகுது? காத்துலயா கரைஞ்சிடுது?"

உஸ்திங்கின் விரல் கன்னத்திலிருந்து நழுவியது. தலை முறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் போனது. வாய் திறந்தது, பாட்டு வரவில்லை. நோய் அடைத்ததா, மனசு அடைத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"எங்கிட்ட இருக்கு" என்றாள் அர்லின்.

பெலென் திடுக்கிட்டுத் திரும்பினாள். அவளுக்கும் அது புதிது.

"அப்பாகிட்ட அந்த ஒரு இழைதான் இருக்கு. அதை அவரு எல்லாப் பொண்ணுக்கும் குடுத்தே ஆகணும். நான் ஒரே பொண்ணு, எனக்குக் குடுத்துட்டாரு. என்னை அனேகமா ஒண்ணும் செய்யாது, அம்மா குடுத்த நல்ல இழை என்னைக் காப்பாத்திடும். ஆனா எனக்குப் பையன் பொறந்தா, பூவா தலையாதான். ஒவ்வொரு பையனுக்கும் பூவா தலையா. பொண்ணு பொறந்தா அவளும் என்னை மாதிரி சுமக்கலாம்."

"பேரு மாறினா..." என்றாள் சோலிங்.

"பேரை மாத்தினா ரத்தம் மாறுமா அத்தை?"

சோலிங்குக்குக் கோபம் வந்துவிட்டது. அது வெறும் கோபம் இல்லை, கைக்கு வந்த நல்ல பெண் போகிறாளே என்ற வருத்தமும் கலந்தது. "ஏண்டி, இதை நீ சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதே! யாரு உன்னைச் சொல்லச் சொன்னது?"

"யாரும் சொல்லச் சொல்லல. அப்பா அண்ணனைப் பத்தி மட்டும் சொல்லிட்டு வந்துடறேன்னுதான் சொன்னாரு. பாதி உண்மையை நம்பிப் பொண்ணு குடுத்தா, மீதி தெரியற அன்னிக்கு அந்தப் பாதியையும் நம்ப மாட்டீங்க. நான் எனக்குக் கேக்க வரல அத்தை. எங்க அண்ணனுக்குக் கேக்க வந்திருக்கேன்."

அவள் கை அப்பாவின் சட்டையைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தது. திரைக்குப் பின்னால் இருந்த மயேத் கூப்பிடாமலே வந்து ஜோமெலுக்கு எதிரே உட்கார்ந்தாள். பிட்யோங் மகளைப் பார்த்தார், உஸ்திங்கைப் பார்த்தார். பிறகு குடத்திலிருந்து முதல் கோப்பைக் கள்ளை ஊற்றி, அதில் ஒரு மூங்கில் குழலைப் போட்டு, இரண்டு கையாலும் உஸ்திங்கின் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

"குடிங்க சம்பந்தி" என்றார்.

அந்த இடத்தில் வாழ்த்துப் பாட வேண்டியது என் கடமை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு வாய் எழவில்லை.

நான் தாசிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பனையோலைப் பொட்டலம் ஒன்றைப் பாதி பிரித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பாவுக்கும் லுபாக். எங்கள் கல்யாணத்தின்போது அவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டித்தான் ஆலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். அன்று என் பெயரை வாங்கிக்கொண்டதும் அவள் கழுவப்பட்டுவிட்டாள் என்று என் வீட்டில் சொன்னார்கள், அவளும் அப்படித்தான் நம்பினாள். எங்களுக்கு இரண்டு பையன்கள். இரண்டு பேரும் கப்பலில் வேலை பார்க்கிறார்கள். இன்னும் நாற்பதைத் தொடவில்லை.

தாசிங் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. பிறகு பொட்டலத்தை முழுசாகப் பிரித்து, சோற்றைத் தட்டில் வைத்து, பிட்யோங்கிடம் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது நோனோய் காலிப் பானையைத் தூக்கிக்கொண்டு படகுத்துறை வரை வந்தான். அவன் அம்மா கூப்பிட்டது அவன் காதில் விழாமல் இல்லை. அர்லின் பானையை வாங்கிக்கொண்டாள்.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லாத. முதல்ல டாக்டரம்மாகிட்டப் போய் எல்லாத்தையும் கேளு. கேட்டதுக்கப்புறமும் வரணும்னு தோணிச்சுன்னா வா. தோணலைன்னா திருவிழாவுல ஆட மட்டும் வா."

அவன் தலையாட்டினான். வருவானா மாட்டானா, எனக்குத் தெரியாது. உஸ்திங் படகில் ஏறியதும் மகள் மடியில் தலையை வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதான். ஜெயித்தவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. ஜோமெல் துடுப்புப் போட்டான்.

வீட்டுக்கு வந்ததும் தாசிங் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, மிச்சமிருந்த சிப்பியைக் கழுவ உட்கார்ந்தாள். நான் அவள் எதிரில் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது, எந்த வார்த்தையில் சொன்னால் பையன்களுக்கு இடி விழுந்த மாதிரி இருக்காது என்று எனக்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெரியவன் டிசம்பர்ல வர்றான்ல?" என்றாள்.

"ஆமா. நான் என்ன நினைக்கிறேன்னா, முதல்ல சும்மா பேச்சு வாக்குல..."

"நீ வாயைத் திறக்காத." தலை நிமிராமலே சொன்னாள். "ஊருக்கெல்லாம் நீ பேசு. எம்புள்ளைங்ககிட்ட நான் பேசிக்கிறேன். நாளைக்குக் காலையில அர்லினைக் கூட்டிக்கிட்டு டாக்டரம்மாகிட்டப் போறேன்."